மணல்மேட்டுத் தபால்காரன்

இந்த சீட்டுக்கு ஆள் வாராவளா அண்ணாச்சி? இல்லன்னா கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. ஜன்னல் ஓரத்தை நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான். பையைக் காலுக்கடியில போட்டுக்கிடுதேன். எதுவரைக்கும் போறிய? செங்குழிவிளையா! கடைசி ஸ்டாப்புலா அது. நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் டிக்கெட் எடுத்திருக்கேன்.

இல்ல, எனக்கு அந்த ஊரு இல்ல. எனக்கு முக்கூடல். ஆவுடையப்பன்னு பேரு, மஸ்கட்டுல வேலை, லீவுல வந்திருக்கேன். உங்க ஊருல ஒருத்தனைப் பாக்கணும். ஞானதிரவியம்னு. அவனும் மஸ்கட்டுலதான் இருந்தான். தெரியுமா? சர்ச்சுக்குப் பின்னால, ஓட்டைப் பிரிச்சுக் காங்கிரீட் போட்ட வீடு. ஆமா. ஆமா அண்ணாச்சி, அதே வீடுதான். ஒத்தப் பொம்பளப்புள்ள, ரெண்டு வருசத்துக்கு முந்தி காய்ச்சல்ல போயிட்டுலா, அந்த வீடுதான்.

அவனுக்கு நான் கூட்டாளி. பத்தொம்பது வருசக் கூட்டாளி. அதுல ஏழு வருசம் ஒரே ரூமு, ஒரே அடுப்பு. இப்பம் பேச்சுவார்த்தை இல்ல. அவன் பக்கம்தான் இல்ல, என் பக்கம் ஒரு கோபமும் கிடையாது. அவன்கிட்ட ஒரு சேதி சொல்லணும். ஒரே ஒரு சேதி. சொல்லிட்டேன்னா என் வேலை முடிஞ்சுது, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிருவேன்.

என்ன சண்டைன்னு கேக்கியளா? சண்டையே இல்ல அண்ணாச்சி. அதைத்தான் எல்லார்ட்டயும் சொல்லுதேன், ஒருத்தரும் காது குடுக்க மாட்டேங்காவ. ஒரு பை ஆரஞ்சுப்பழம் பண்ணுன வேலை இது. நம்பமாட்டிய. கேளுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க.

நாங்க நாலு பேரு. காஜா மைதீன்னு ஒருத்தன், கடையநல்லூர்க்காரன், வண்டி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான். கோமதிநாயகம், சங்கரன்கோவில், கேட்டரிங் கம்பெனில சூப்பர்வைசர். பொறவு திரவியம், ஒரு கட்டட கம்பெனில ஸ்டோர் கீப்பர். நான் ஏசி டக்ட் வேலையில ஃபோர்மேன். குளிர்காலம் வந்துட்டா மாசம் ஒருக்க, வியாழக்கிழமை மத்தியானமே நாலு வண்டியும் கிளம்பிரும். மஸ்கட்டுலேர்ந்து மூணு மணி நேரம் போனா தார்ரோடு முடிஞ்சுரும். அதுக்கு அங்கிட்டு மணலுதான். கண்ணு போற தூரம் மணல்மேடு, மேடு மேல மேடு. அங்க போயி கூடாரம் அடிச்சு, கறி சமைச்சு, ஒரு நாள் கிடந்துட்டு வருவோம். வருசம் பூரா அந்த நாளுக்குத்தான் உழைக்கேன்னு நினைச்சுக்கிடுவேன் நான். இதுல பொய் இல்ல.

மணல்ல வண்டி ஓட்டுதது நம்ம ரோட்டு ஓட்டு இல்ல அண்ணாச்சி. தார்ரோடு முடியுத இடத்துல இறங்கி நாலு டயர்லயும் காத்தைப் பாதியாக் குறைக்கணும். அப்பம்தான் டயரு பரந்து மணல் மேல உக்காரும், இல்லன்னா உள்ள புதையும். மேடு ஏறும்போது பாதியில நிக்கப்படாது. நின்னா வண்டி மாட்டிக்கிடும், தோண்டித்தான் எடுக்கணும். இருட்டினா ஓட்டவே கூடாது, மேடு எங்க முடியுது குழி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. இன்னொண்ணு, வாக்கி டாக்கி. வண்டிக்கு ஒரு செட்டு. மணல்ல இருக்க மட்டும் அதை அணைக்கவே கூடாது. முன்னால போறவன்தான் எங்க குழி, எங்க இளக்கம்னு பின்னால வாரவனுக்குச் சொல்லணும்.

காஜா மொத வண்டி. திரவியம் ரெண்டாவது, நாயகம் மூணாவது, நான் கடைசி. ஓட்டுததுல கெட்டிக்காரன் யாருன்னா திரவியம்தான். உங்க ஊருக்காரன்லா, தேரிச் செம்மணல்ல பொறந்தவன். மணலைப் பாத்த உடனே சொல்லிருவான், இது தாங்கும், இது விழுங்கும்னு. காஜாதான் தலைவன்னு பேரு, ஆனா ஒவ்வொரு மேட்டுக்கும், "திரவியம், ஏறலாமாடே?"ன்னு செட்டுல அவன்கிட்டதான் கேப்பான். நாங்க எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

சரி, இந்த வருசம் ஜனவரியில நடந்ததைச் சொல்லுதேன். எப்பவும் ஆம்பளையளா மட்டும்தான் போவோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரி, வடிவு, விசிட்டுல வந்திருந்தா. நானும் வாரேன்னா. கூட்டிட்டுப் போனேன். அவ ஒரு பை நிறைய ஆரஞ்சுப்பழம் வாங்கி வச்சிருந்தா. அந்தப் பையைக் கொண்டாந்து ரெண்டு சீட்டுக்கும் நடுவுல வச்சா பாருங்க, அங்க கிடந்தது வாக்கி டாக்கி. பையோட கனம் அதோட பட்டன் மேல உக்காந்துட்டு.

அந்தப் பட்டனை அமுக்கினாத்தான் நம்ம பேசுதது மத்தவனுக்குக் கேக்கும். அமுக்கியே இருந்தா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாது. நம்ம பேசுதது பூரா மூணு வண்டிக்கும் போவும். அவனுவ பேசுதது நமக்கு வராது. "ஏல, பட்டனை விடுல"ன்னு அவன் கத்தினாலும் நமக்குக் கேக்காது. அவனுவளும் மேட்டுல ஏறிட்டு இருக்கானுவ, நிப்பாட்ட முடியாது. சமதரை வாரதுவரைக்கும் ஓட்டித்தான் ஆகணும், கேட்டுத்தான் ஆகணும்.

காஜா அந்த செட்டைச் சல்லிசா எங்கயோ பிடிச்சுட்டு வந்தான். நல்ல செட்டுன்னா பட்டன் ரொம்ப நேரம் அமுங்கியிருந்தா தானா கட் ஆயிருமாம். நாயகம் எனக்கு முன் வண்டி. லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சிருக்கலாம்லா? எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா? போட்டேன்ங்கான். பகல் வெளிச்சத்துல எனக்கு எங்க தெரியும்? வடிவு பையைப் பின் சீட்டுல வச்சிருக்கலாம். இப்படி மூணு பேரு மேல தப்பு இருக்கு. ஆனா எல்லாருமா சேந்து என் தலையில கட்டிட்டாவ.

நான் என்ன பேசினேன்? அதைத்தான் அண்ணாச்சி நானும் நினைச்சு நினைச்சுப் பாக்கேன். எங்கேர்ந்து பட்டன் அமுங்கிச்சுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். பத்து நிமிஷமா, இருவது நிமிஷமா, தெரியாது. காத்துக் குறைச்ச இடத்துலேர்ந்தேவா? அப்படின்னா, காஜா ஆயிலை மாத்தாமலே மாத்தினேம்பான்னு சொன்னேன், அது கேட்டிருக்கும். நாயகம் வீட்டுத் தக்காளிச் சோத்தைப் பத்திச் சொன்னேன். அது வேடிக்கைக்கு. அவனே சிரிப்பான் அதுக்கு.

திரவியத்தைப் பத்தியும் சொன்னேன். இல்லன்னு சொல்லல. "முந்தியெல்லாம் பாடிக்கிட்டே ஓட்டுவான், இப்பம் வாயே திறக்கதில்ல, அவன் முகத்தைப் பாத்தா நமக்குச் சோறு இறங்க மாட்டேங்கு"ன்னேன். அது ஒரு தப்பா? புள்ளையப் பறிகுடுத்தவன் அப்படித்தான் இருப்பான், எனக்குத் தெரியாதா? கவலையிலதான சொன்னேன். உள்ளூருல அவன் சொந்தக்காரவுளே இதைவிட மோசமாப் பேசியிருப்பாவ. நீங்களே பேசியிருப்பிய. கோச்சுக்கிடாதிய, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

அதுக்குப் பொறவு வடிவு ஒண்ணு கேட்டா. அதுக்கு நான் பதில் சொன்னேன். அது… அதை விடுங்க, அதுக்கு வாரேன்.

ஒண்ணு மட்டும் எனக்கு இப்பம் தோணுது. அந்த நேரம் பூரா செட்டு சத்தமே இல்லாம இருந்துச்சு. காஜா மணல்ல வாய் மூட மாட்டான். "வலத்த பிடி, இடத்த விடு"ன்னு சந்தைக்கடை மாதிரி இருக்கும். அன்னைக்கு ஒண்ணுமே இல்ல. நான் என்ன நினைச்சேன்னா, நல்ல அமைதியா இருக்குன்னு நினைச்சேன். வடிவுகிட்டயும் சொன்னேன், "பாத்தியா, எவ்வளவு அமைதி"ன்னு.

சமதரைக்கு வந்தா மூணு வண்டியும் நிக்கி. காஜாவும் நாயகமும் கீழ இறங்கி நிக்கானுவ. ஒருத்தனும் என்னைப் பாக்கல. காஜா வந்தான், என் ஜன்னல் வழியாக் கையை விட்டான், ஆரஞ்சுப் பையைத் தூக்கினான். செட்டு "கர்ர்"னு ஒரு சத்தம் போட்டுச்சு. பையை வடிவு மடியில வச்சுட்டுப் போயிட்டான். திரவியம் வண்டிய விட்டு இறங்கவே இல்ல. ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு நேரா பாத்துட்டு இருந்தான். பொறவு வண்டியைத் திருப்பினான். எங்களைத் தாண்டி, வந்த வழியே, தனியா. மணல்ல தனி வண்டியாப் போகவே கூடாது அண்ணாச்சி, அது பெரிய தப்பு. அவனுக்குத் தெரியாததா? போயிட்டான். மேடு ஏறி மறையுத வரைக்கும் பாத்துட்டு நின்னோம்.

அவ்ளோதான். அதுக்கப்புறம் வாட்ஸ்அப் குரூப்புலேர்ந்து என்னைத் தூக்கிட்டாவ. யாரு தூக்கினான்னு பாத்தா நாயகம். தக்காளிச் சோறு! காஜாகிட்ட வண்டி சர்வீசுக்கு விடப் போனேன், "வேற ஷாப் பாத்துக்கிடுங்க"ன்னான். பத்தொம்பது வருசமா "லே ஆவுடை"ன்னு கூப்பிட்டவன், "பாத்துக்கிடுங்க"ங்கான். மரியாதை! அந்த 'ங்க' எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ரூமுக்கு வந்து குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அம்பத்தோரு வயசு எனக்கு. திரவியம் பிப்ரவரியிலயே வேலையை எழுதிக் குடுத்துட்டு ஊரோட வந்துட்டான். என்கிட்டச் சொல்லல. ஏர்போர்ட்டுக்கு யாரு கொண்டு விட்டான்னு கூடத் தெரியாது.

வடிவும் இப்பம் சரியாப் பேசதில்ல. சோத்தை வைக்கா, போயிருதா. அவளுக்கு அந்த மணலு ஒத்துக்கிடலன்னு நினைக்கேன்.

சாத்தான்குளம் வந்துட்டா? கூட்டம் இறங்கட்டும். கண்டக்டரு என்னைப் பாத்துச் சிரிக்காரு பாருங்க. நேத்தும் இதே பஸ்ஸுலதான் வந்தேன். முந்தாநாளும். செங்குழிவிளை வரைக்கும் வந்தேன், ஆனா நேத்து ரொம்ப வெயிலு, முந்தாநாள் ஞாயித்துக்கிழமை, அவன் சர்ச்சுக்குப் போயிருப்பான். அதான் திரும்பிட்டேன். இன்னைக்குப் பரவாயில்ல, மூட்டமாத்தான் இருக்கு.

வடிவு என்ன கேட்டான்னா கேக்கிய? நீங்க விட மாட்டிய போலிருக்கு.

சொல்லுதேன். நாங்க கூடாரம் அடிக்கது ஒரு பள்ளத்துல, காத்து அடிக்காத இடமா. அங்க போன் சிக்னல் கிடையாது. பக்கத்துல ஒரு பெரிய மேடு உண்டு, ஏறப் பத்து நிமிஷம் ஆவும், அதோட உச்சியில மட்டும் சிக்னல் கிடைக்கும். போற அன்னைக்குச் சாயங்காலம், பொழுது அடையுததுக்கு முந்தி, ஒரு ஆளு நாலு பேரு போனையும் ஒரு தொப்பிக்குள்ள போட்டு எடுத்துக்கிட்டு மேல ஏறணும். வந்த சேதியைப் பாத்துட்டு இறங்கி வந்து சொல்லணும். அவனுக்குத் தபால்காரன்னு பேரு. வருசக்கணக்கா நாந்தான் தபால்காரன். மத்தவனுவளுக்கு முழங்கால் சரியில்ல, நாந்தான் கிண்ணுன்னு ஏறுவேன்.

அதுக்கு ஒரு சட்டம் உண்டு. காஜா போட்ட சட்டம். ஒருக்க நாயகத்தோட மேனேஜர் என்னமோ திட்டி அனுப்பியிருந்ததைச் சாயங்காலமே சொல்லப் போயி, அந்தப் பயணமே நாறிப்போச்சு. அன்னைக்குச் சொன்னான், "லே, ஆள் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உடனே சொல்லு. மத்ததெல்லாம் காலையில." எது ஆபத்து, எது இல்லன்னு நாந்தான் பிரிக்கணும். அதுல எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. மூணு பேரும் அவனவன் வீட்டை என் கையில குடுத்திருக்கானுவ இல்லா?

திரவியத்தோட மவ போன அன்னைக்கு நாங்க அங்கதான் இருந்தோம். அது உங்க ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். காலையில தார்ரோட்டுக்கு வந்து, டயருக்குத் திரும்பக் காத்து அடிச்சுக்கிட்டு இருக்கோம். அவன் மூணாவது டயருக்குக் குத்தவச்சு அடிக்கான். சட்டைப்பையில போனு விடாம அடிக்கி, மெசேஜ் மேல மெசேஜ். எடுத்துப் பாத்தான். அப்படியே மணல்ல உக்காந்துட்டான். காத்து பைப்பு கையில சீறிக்கிட்டு கிடக்கு. நாலாவது டயருக்கு நாந்தான் காத்து அடிச்சேன். பொறவு எழுப்பி உக்கார வச்சு, ஏர்போர்ட்டுக்கு ஓட்டிட்டுப் போனதும் நாந்தான். அதையெல்லாம் யாரும் நினைச்சுப் பாக்கதில்ல.

அவன் பெஞ்சாதி லில்லிபுஷ்பம் போன்ல, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நம்ம ஊரு நேரம் ஏழு மணிக்கு, அங்க அஞ்சரைக்கு, அவனுக்குப் போன ஒரு காலு பதிஞ்சிருக்கு. ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. அவ போடவே இல்ல. அந்த நேரம் அவ ஆஸ்பத்திரியில மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. அப்பம் யாரு போட்டா? மவ பெனிட்டாதான் போட்டிருக்கணும், எட்டு வயசுப் புள்ளைக்குப் போன் போடத் தெரியாதா? காரியமெல்லாம் முடிஞ்சு திரும்பி வந்து என்கிட்டக் கேட்டான். "மக்கா, அன்னைக்குப் போனு உன்கிட்டதான இருந்துச்சு. ஏதாவது கேட்டுச்சா?"ன்னான்.

நான், "போனு அடிச்சுது மக்கா, எடுத்து ஹலோ ஹலோன்னேன், சிக்னல் இல்ல, ஒண்ணும் கேக்கல"ன்னேன்.

"ஒண்ணுமே கேக்கலியா?"

"கேக்கல மக்கா."

"மூச்சு சத்தமாவது?"

"இல்ல மக்கா."

அதுக்குப் பொறவு ஒவ்வொரு பயணத்துக்கும் வந்தான். வந்து கூடாரம் அடிச்ச உடனே ஒத்தையா அந்த மேட்டுல ஏறுவான். சாயங்காலம் வரைக்கும் நிப்பான். இறங்கி வந்து என்னைப் பாத்து, "மூச்சு சத்தமாவது கேட்டிருக்கும்லா மக்கா"ம்பான். எத்தனை தடவை கேட்டிருப்பான்! "ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு எம்புள்ள சும்மா காத்துகிட்ட பேசியிருக்கா"ம்பான். நான் என்ன செய்ய? கறிக்கு விறகை எடுத்துப் போடுவேன்.

வடிவு அதைத்தான் கேட்டா. போன தடவை நான் எடுத்த போட்டோவை எல்லாம் பாத்திருக்கா. "அந்த அண்ணன் எதுக்கு அந்த மேட்டுலயே போயி நிக்காவ?"ன்னு கேட்டா. வண்டி ஓட்டுத நேரம் பாருங்க, மனசு லேசா இருந்துச்சு. ரெண்டு வருசமா யார்ட்டயும் சொல்லாதது. பொண்டாட்டிதானன்னு சொல்லிட்டேன்.

கேட்டுச்சு அண்ணாச்சி. அன்னைக்குப் போன்ல எல்லாம் கேட்டுச்சு. சிக்னல் கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

இருங்க, அவசரப்படாதிய. நான் சொல்லுததை முழுசாக் கேளுங்க. நீங்களும் அவனுவள மாதிரி மூஞ்சியத் திருப்பாதிய.

மேட்டு உச்சியில உக்காந்திருக்கேன். தொப்பிக்குள்ள திரவியம் போனு அடிக்கி. 'வீடு'ன்னு போட்டிருக்கு. எடுத்தேன். "அப்பா?"ன்னு கேட்டா. "அப்பா இல்ல செல்லம், ஆவுடை மாமா"ன்னேன். என்னை அவளுக்கு நல்லாத் தெரியும், லீவுக்கு வந்தா மிட்டாய் டப்பாவோட நான் உங்க ஊருக்கு வராம இருந்ததில்ல. "மாமா, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன், காய்ச்சலு. அம்மா கீழ மருந்து வாங்கப் போயிருக்காவ. நானே போன் போட்டேன்"ங்கா. கணீர்னு பேசுதா. சாவப் போற புள்ள பேச்சா அது? நீங்களே சொல்லுங்க. புள்ளையளுக்குக் காய்ச்சல் வராதா? ஆள் உயிருக்கு ஆபத்துன்னு நான் எப்படி நினைப்பேன்? அவன்கிட்டச் சொன்னா உடனே கிளம்புவேம்பான். இன்னும் அரைமணி நேரத்துல இருட்டிரும். இருட்டுல ஓட்டி எங்கயாவது குழியில விழுந்தான்னா? அதையெல்லாம் யோசிக்க வேண்டியவன் நான்லா? "அப்பாட்டக் குடுங்க"ன்னா. "அப்பா கீழ இருக்காவ செல்லம், காலையில பேசச் சொல்லுதேன்"ன்னேன்.

இதுவரைக்கும் நியாயம்தான? சொல்லுங்க, நியாயம்தான?

ஏறி வரப் பத்து நிமிஷம். ஆமா. நான் இறங்கிப் போயி அவனைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா பேசியிருப்பான். வெளிச்சம் இருந்துச்சு. ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டாம், பேசியிருக்கலாம். அதை நான் யோசிக்கலன்னு நினைக்கியளா? இறங்கும்போதே யோசிச்சேன். கீழ பாத்தேன். நாயகம் என்னமோ சொல்லுதான், காஜா சிரிச்சுக்கிட்டுக் கிடக்கான். திரவியம் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கறியைக் கிண்டிக்கிட்டுப் பாடுதான். அந்த வருசத்துக்கு அதுதான் மொதப் பயணம். ஆறு மாசமாக் காத்துக் கிடந்தது. நான் போயி, "காய்ச்சலாம்"னு சொன்னா அந்தப் பாட்டு நின்னுரும். அவ்ளோதான் அண்ணாச்சி. வேற ஒண்ணும் இல்ல. அந்தப் பாட்டு நிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்.

அவன் என்னைப் பாத்து, "தபால் உண்டா மக்கா?"ன்னான். "இன்னைக்கு ஒண்ணும் இல்ல"ன்னேன். அவன் சட்டியிலேர்ந்து ஒரு ஈரல் துண்டை எடுத்து ஊதி என் வாயில வச்சான். "உப்பு பாரு"ன்னான். நான் பாத்தேன். சரியா இருக்குன்னேன்.

விடியமுன்ன அவ போயிட்டா.

இந்தா, தேரி வந்துட்டு பாருங்க. செவச்செவன்னு என்ன மணலு. அவன் சொல்லுவான், "மக்கா, எங்க ஊரு மணலு உங்க வீட்டு மிளகாப்பொடி"ம்பான். இதுலதான் புள்ளையத் தோள்ல வச்சுக்கிட்டு ஓடுவான் லீவுக்கு வந்தா. நான் பாத்திருக்கேன்.

வடிவுகிட்ட, புள்ள பேசிச்சு, நான் எடுத்தேன், அவன்கிட்ட மறைச்சுட்டேன்னு மட்டும்தான் சொன்னேன். அவ திரும்பி, "அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?"ன்னு கேட்டா. நான் வாயைத் திறக்கதுக்குள்ள சமதரை வந்துட்டு. அதனால புள்ள என்ன சொன்னான்னு அவனுக்கும் தெரியாது. அவ பேசினான்னு தெரியும். என்ன பேசினான்னு தெரியாது. உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும் அது.

அவன் கேட்டிருக்கலாம்லா? அன்னைக்கே என் சட்டையைப் பிடிச்சு, ரெண்டு அறை விட்டு, "என்னல சொன்னா?"ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காமப் போனது அவன் தப்புதான? சரி, கேட்டான். இல்லன்னு சொல்லல. ஊருக்கு வந்த பொறவு ஒரு வெள்ளிக்கிழமை போன் பண்ணினான். முழுசா அடிச்சு நின்னுச்சு. திரும்பவும் அடிச்சுது. நான் அப்பம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், கை எச்சிலு. பொறவு ஒரு மெசேஜ் வந்துச்சு. திட்டி இருப்பான்னு நினைச்சேன். திட்டல. "அவ என்ன சொன்னா?" அவ்ளோதான். மக்கான்னு கூட இல்ல. ரெண்டு மாசம் ஆச்சு. எத்தனையோ தடவை எழுதி எழுதி அழிச்சுட்டேன். எழுத்துல எழுதி அனுப்புத சேதியா அண்ணாச்சி அது? நேருல சொல்லணும். அதுக்குத்தான் லீவைப் போட்டுட்டு வந்திருக்கேன்.

என்ன சொன்னான்னா… ஊசின்னா அந்தப் புள்ளைக்குப் பயம். ஒவ்வொரு தடவையும் ஊரையே கூட்டிருவா. திரவியம் போன்ல, "எங்க வீட்டு அழுமூஞ்சி எங்க, அழுமூஞ்சி எங்க?"ன்னு கேலி பண்ணுவான். அன்னைக்கு அவ சொன்னா, "மாமா, கையில ஊசி போட்டு டேப் ஒட்டியிருக்காவ. நான் அழல. அப்பாட்டச் சொல்லுங்க, நான் அழலன்னு."

"சொல்லிருதேன் செல்லம்"ன்னேன்.

"இன்னைக்கே சொல்லிருவியளா?"ன்னா.

"இன்னைக்கே சொல்லிருதேன்"ன்னேன்.

அவ்ளோதான். வேற ஒண்ணும் பெரிசா இல்ல. ஒரு வார்த்தை.

சர்ச்சு கோபுரம் தெரியுது. நின்னுட்டா? எல்லாரும் இறங்குதாவ. இறங்குங்க, நீங்க இறங்குங்க. நான்… பஸ்ஸு கால்மணி நேரம் நிக்கும்லா, அதுக்குள்ள பாப்போம். முழங்கால் வேற காலையிலேர்ந்து பிடிச்சுக்கிட்டு. அந்தா, டீக்கடைப் பக்கம் வெள்ளை வேட்டி கட்டி முதுகு காட்டி நிக்கது அவனா? அவன்தான். எவ்வளவு மெலிஞ்சுட்டான். சட்டை தோள்ல தொங்குது. அவன் இப்படித் திரும்பிரப் போறான்.

அண்ணாச்சி, ஒரு நிமிஷம். உங்க கையைக் குடுங்க. நீங்க அவன் வீட்டு வழியாத்தான போவிய? போற வழியில அவன்கிட்ட அதை ஒரு வார்த்தை சொல்லிருவியளா? யாரு சொன்னான்னு கேட்டா பஸ்ஸுல ஒருத்தன்னு சொல்லுங்க. பேரு வேண்டாம். அவ அழலன்னு சொல்லிருங்க. ஊசி போட்டாவ, அழல, அப்பாட்டச் சொல்லச் சொன்னான்னு. அவ்ளோதான். மறந்துராதிய. இன்னைக்கே சொல்லிருங்க அண்ணாச்சி, காலையில சொல்லிக்கிடலாம்னு மட்டும் இருந்துராதிய.